துருவக் கடல்ல குரூஸ் கப்பல்: ஐஸைவிட ஆழம் தெரியாத இடம்தான் பெரிய ஆபத்து

கும்பகோணத்துலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. அவரோட அப்பாவும் அம்மாவும் ரிட்டயர்ட் ஆனவங்க, வர்ற டிசம்பர்ல அர்ஜென்டினால இருக்கிற உஷுவாயா வரைக்கும் பிளைட்ல போய் அங்கேர்ந்து அண்டார்டிகா குரூஸ் போகப் பணம் கட்டிட்டாங்களாம், சொந்தக்காரங்க எல்லாம் டைட்டானிக் கதையைச் சொல்லி பயமுறுத்துறாங்களாம். உண்மையிலேயே ஆபத்தா, அந்தக் கப்பல்லாம் பத்திரமாப் போக இப்ப என்னென்ன பண்றாங்க, இன்னும் என்ன பண்ணணும்னு கேட்டாரு. தம்பி, முதல்ல சுருக்கமாச் சொல்லிடறேன், நல்ல கம்பெனி, நல்ல கப்பல்னா தாராளமா அனுப்புங்க. ஆனா நீங்க கேட்ட ரெண்டாவது கேள்விக்குப் பதில் கொஞ்சம் நீளம், பொறுமையாப் படிங்க.

நான் டெக் ஆபீசரா கப்பல்ல வேலை பார்த்தவன், துருவக் கடலுக்கான டிரெயினிங்கும் எடுத்திருக்கேன், இப்ப நாகப்பட்டினத்துல வீட்டோட இருக்கேன். கப்பல் பத்திப் பேச்சு வந்தாலே எல்லாருக்கும் மனசுல வர்றது ஐஸ்மலைதான். ஆனா இந்த இருபது வருஷத்துல துருவப் பக்கம் பயணிகள் கப்பலுக்கு நடந்த விபத்தை எடுத்துப் பார்த்தீங்கன்னா திரும்பத் திரும்ப வர்றது தரைதட்டல்தான். அடியில பாறை இருக்கிறது யாருக்கும் தெரியாது, இல்ல தெரிஞ்சும் அந்தத் தகவல் கப்பலை ஓட்டுற பிரிட்ஜ்ங்கிற அறையில நிக்கிறவர் கைக்குப் போய்ச் சேராது, கப்பல் போய் ஏறிடும்.

இது எப்படி நடக்குதுன்னு புரியணும்னா சார்ட், அதாவது கடல் வரைபடம், எப்படி வருதுன்னு தெரியணும். கடல் சார்ட்ல நீங்க பார்க்கிற ஒவ்வொரு நம்பரும் எப்பவோ ஒரு கப்பல் அந்த இடத்துக்கு மேல போய் அளந்த ஆழம். சென்னை துறைமுகம், சிங்கப்பூர் மாதிரி இடத்துல ஒலியை விசிறி மாதிரி விட்டு ஆழம் அளக்கிற மல்டிபீம் சோனார் வச்சு அடித்தளத்தை விட்டுப்போகாம துடைச்சு எடுத்த மாதிரி அளந்திருப்பாங்க. துருவப் பக்கம் பல இடத்துல அம்பது அறுபது வருஷத்துக்கு முன்னாடி ஏதோ ஒரு கப்பல் போன வழியில விழுந்த ஒத்தை வரிசை நம்பர் மட்டும் இருக்கும், அதுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளைக் காகிதம்தான். அந்த வெள்ளையைப் பார்த்து ஆழம்னு நினைச்சுடக் கூடாது, யாரும் அளக்கலன்னுதான் எடுத்துக்கணும். கனடாவோட ஆர்க்டிக் கடல்ல இன்னிக்கும் நவீன தரத்துல அளந்தது ஏறக்குறைய பதினஞ்சு சதவீதம்தான். கொள்ளிடம் முகத்துவாரத்துல பழையாறு போட்டுக்காரங்க ஒவ்வொரு மழைக்காலம் முடிஞ்சதும் மணல்திட்டு எங்க நகர்ந்திருக்குன்னு பார்த்துட்டுத்தானே விசைப்படகை வெளியில எடுப்பாங்க, போன வருஷம் போன வழியாச்சேன்னு கண்ணை மூடிட்டு யாரும் போறதில்ல. அந்தப் பழக்கம் தினமும் போய் வர்ற ஆளுக்கு வரும். துருவத்துல அப்படித் தினமும் போய் வந்து பார்க்கிற ஆளே கிடையாது.

2010 ஆகஸ்ட் 27 அன்னிக்கு கிளிப்பர் அட்வென்ச்சரர்னு ஒரு கப்பல், 128 பயணிகள், 69 சிப்பந்திகள், கனடாவோட கொரோனேஷன் வளைகுடால குக்லுக்டுக் ஊருக்குப் போயிட்டிருந்தது. சாயங்காலம், கடல் அமைதி, ஐஸ் தொந்தரவு எதுவும் இல்ல, கப்பல் கிட்டத்தட்ட 14 நாட் (மணிக்கு ஏறக்குறைய 26 கிலோமீட்டர்) வேகத்துல போகுது. சார்ட்ல அந்த வழியில ஒரு வரிசை ஆழக்குறி இருந்தது, அதை நம்பித்தான் போனாங்க. நேரா ஒரு பாறைத்திட்டு மேல ஏறி நின்னுடுச்சு. இதுல மனசு ஆறாத விஷயம் என்னன்னா அந்தத் திட்டை 2007லயே கனடா கோஸ்ட் கார்டு கப்பல் கண்டுபிடிச்சு எச்சரிக்கை அறிவிப்பு விட்டாச்சு, ஆனா அது சார்ட் திருத்தமா மாறாம மூணு வருஷமா வெறும் அறிவிப்பாவே கிடந்தது, கப்பல்காரங்களும் அதைத் தேடி வாங்கல. முன்னாடி பார்க்கிற சோனார் அந்தக் கப்பல்ல இருந்தது, ஆனா ரிப்பேர். அமுண்ட்சென்னு ஒரு ஐஸ்பிரேக்கர், ஐஸை உடைச்சுட்டுப் போற கப்பல், வந்து சேர ரெண்டு நாள் ஆச்சு, நல்ல வானிலை, யாருக்கும் அடி படல. பின்னாடி கோர்ட்டுக்குப் போச்சு, கப்பல் ஓனர் கம்பெனி மேலதான் தப்புன்னு தீர்ப்பாச்சு, அப்பீல்லயும் அதுவேதான் நின்னுச்சு. எச்சரிக்கை இருக்குதான்னு தேடி வாங்குறது கப்பலோட பொறுப்புன்னு கோர்ட் எடுத்துக்கிட்டது, அது சரியான தீர்ப்புன்னுதான் நானும் நினைக்கிறேன். அதே சமயம் ஒரு பாறை இருக்குன்னு தெரிஞ்ச பிறகு அதை மூணு வருஷம் சார்ட்ல ஏத்தாம விட்டதும் சரின்னு என்னால சொல்ல முடியல.

எட்டு வருஷம் கழிச்சு 2018 ஆகஸ்ட் 24, மறுபடி கனடாதான், பூத்தியா வளைகுடா பக்கம் அகாடெமிக் அயோஃபேன்னு ஒரு ரஷ்யக் கப்பல். அந்தக் குறுகலான வழியில அந்தக் கப்பல்ல இருந்த யாருமே அதுக்கு முன்னாடி போனதில்ல, நவீன சர்வேயும் கிடையாது. விசாரணை அறிக்கையில வந்த ஒரு விஷயத்தை நான் ஜூனியர் பசங்ககிட்ட விடாமச் சொல்லுவேன். ஒலி விட்டு ஆழம் அளக்கிற எக்கோ சவுண்டர்ல ஆழம் கொறைஞ்சா கத்துற அலாரத்தை ஆஃப் பண்ணி வச்சிருந்தாங்க, கப்பலோட அடிக்குக் கீழ தண்ணி கொறைஞ்சுக்கிட்டே வந்தது நாலு நிமிஷத்துக்கு மேல யார் கண்ணுலயும் படல. அந்த நேரம் கப்பலை ஓட்டுற பொறுப்புல இருந்த ஆபீசர் ஒரே நேரத்துல பல வேலை பார்த்துட்டிருந்தாரு. நாலு நிமிஷம்னா எவ்வளவுன்னு யோசிச்சுப் பாருங்க, நம்பர் ஒவ்வொண்ணா இறங்குது, கண்ணுக்கு முன்னாடியே இறங்குது, ஒரு ஆள் அதை மட்டும் பார்த்துட்டு நின்னிருந்தா எஞ்சின் வேகத்தை மாத்துற டெலிகிராஃப் கைப்பிடியை இழுத்துக் கப்பலை நிறுத்தியிருக்கலாம். அதே கம்பெனியோட ஜோடிக் கப்பல் வந்து பயணிகளை ஏத்திக்கிட்டது, எல்லாரும் பத்திரம்.

எக்கோ சவுண்டர் பத்தி இன்னொண்ணு. அது கப்பலுக்கு நேர் கீழ இருக்கிற ஆழத்தைத்தான் சொல்லும், முன்னாடி என்ன இருக்குன்னு சொல்லாது. மணல் தரை மெதுவா மேடாகிட்டு வந்தா அது உதவும், நம்ம கோடியக்கரை பக்கம் மாதிரி. துருவத்துல தரை அப்படி இல்ல, பழைய பனியாறு குடைஞ்ச இடம், நூறு மீட்டர் ஆழத்துலேர்ந்து நாலு மீட்டருக்குச் செங்குத்தா ஒரு பாறை எழும்பி நிக்கும். 12 நாட்ல போற கப்பல் ஒரு நிமிஷத்துக்கு 370 மீட்டர் தாண்டும், எக்கோ சவுண்டர்ல பாறை தெரியறப்ப முன்பக்கம் ஏற்கெனவே மோதியிருக்கும். அதுக்குத்தான் முன்னாடி பார்க்கிற சோனார். அதுல சில நூறு மீட்டர்லேர்ந்து நல்ல மாடலா இருந்தா ஒரு கிலோமீட்டர் வரைக்கும் தெரியும், அதுவும் தண்ணி ஆழம் கொறையக் கொறைய பார்க்கிற தூரமும் சுருங்கும். அப்ப 12 நாட்ல போய்ட்டு சோனார் இருக்குன்னு சொன்னா பிரயோஜனமே இல்ல. அஞ்சு நாட்ல போனா ஒரு நிமிஷத்துக்கு 150 மீட்டர் சொச்சம்தான் நகரும், பார்த்து, முடிவெடுத்து, எஞ்சினை ரிவர்ஸ்ல போட்டு நிறுத்த நேரம் கிடைக்கும். என்னைக் கேட்டா மொத்தத்துல ரொம்ப மலிவான பாதுகாப்பு வேகத்தைக் கொறைக்கிறதுதான், ஒரு பைசா செலவில்ல, ஒரு மணி நேரம் லேட்டாகும், அவ்வளவுதான்.

சர்வே பண்ணின இடத்துலகூட கவனம் வேணும். உங்க அப்பா அம்மா போற ரூட்ல டிசெப்ஷன் தீவு இருக்க வாய்ப்பு அதிகம், எரிமலை வாய்க்குள்ளயே கப்பல் போகும், நெப்டியூன்ஸ் பெல்லோஸ்னு ஒரு குறுகலான வாசல். அந்த வாசலுக்கு நடுவுலயே ராவ்ன் பாறை, தண்ணிக்குக் கீழ ரெண்டரை மீட்டர்ல நிக்குது. சார்ட்ல தெளிவா இருக்கு, போற கேப்டன் எல்லாருக்கும் தெரியும், அதனால ஒரு பக்கமா ஒதுங்கித்தான் உள்ள போவாங்க. அப்படியும் 2007 ஜனவரி 30 அன்னிக்கு நார்வேயோட நோர்ட்காப் கப்பல் அந்தத் தீவுல அடியில தட்டி, பயணிகளை வேற கப்பலுக்கு மாத்த வேண்டியதாச்சு.

அப்ப ஆழம் தெரிஞ்ச இடத்தை அதிகப்படுத்துறது எப்படி? அரசாங்க சர்வே கப்பல் மட்டும் வச்சு இதை முடிக்க முடியாது, கோடைகாலம் சின்னது, கடல் பெருசு. ரெண்டு வழி எனக்கு நம்பிக்கை தருது. ஒண்ணு, எல்லா இடத்தையும் அளக்கப் பார்க்காம கப்பல் போற பாதைன்னு சிலதை முடிவு பண்ணி அதை முதல்ல முழுசா அளக்கிறது, கனடா அந்த மாதிரி கப்பல் பாதைகளைக் குறிச்சு வேலை பண்ணிட்டிருக்கு. இன்னொண்ணு, போற ஒவ்வொரு கப்பலும் தன்னோட எக்கோ சவுண்டர் நம்பரையும் ஜிபிஎஸ் இடத்தையும் சேர்த்து ரெக்கார்ட் பண்ணி எல்லாருக்கும் கொடுக்கிறது. கடல் அளவை வேலையைக் கவனிக்கிற சர்வதேச ஹைட்ரோகிராஃபிக் அமைப்பு இதை ஊக்குவிக்குது, இந்த மாதிரி ஒதுக்குப்புறமான இடத்துக்கு டூர் போற எக்ஸ்பெடிஷன் கப்பல்கள்ல பல கப்பல் இப்ப இதைச் செய்யுது. யாருமே போகாத மூலைக்கு வருஷா வருஷம் போறது இந்தச் சுற்றுலாக் கப்பல்தான், அப்ப அளக்கவும் அவங்களைவிட நல்ல ஆள் யாரு? கடல் தரையை முழுசா மேப் பண்ண 2017ல ஆரம்பிச்ச சீபெட் 2030 திட்டத்துல உலகக் கடல் தரையில இப்பதான் கால்வாசிக்குக் கொஞ்சம் மேல மேப் ஆயிருக்கு. இந்த டேட்டா கொடுக்கிறதை விருப்பம்னு விடாம துருவக் கடல்ல பயணி ஏத்துற ஒவ்வொரு கப்பலுக்கும் கட்டாயம் ஆக்கணும்னு நான் நினைக்கிறேன்.

எலக்ட்ரானிக் சார்ட்ல அந்த இடத்தோட சர்வே எவ்வளவு நம்பகம்னு நட்சத்திரக் குறி போட்டுக் காட்டும், ஆறு ஸ்டார் இருந்தா அருமையான சர்வே, ரெண்டு ஸ்டார்னா மோசம், யூன்னு போட்டிருந்தா மதிப்பிடவே இல்லன்னு அர்த்தம். பல கப்பல்ல ஸ்கிரீன் நெரிசலா இருக்குன்னு இந்த லேயரை அணைச்சு வச்சுடறாங்க. ரூட் போடறப்ப ஒரு தடவையாவது இதைப் போட்டு முழுப் பாதையையும் பார்த்தே ஆகணும். இன்னொரு சிக்கல், பழைய சார்ட் எல்லாம் ஜிபிஎஸ் வர்றதுக்கு முன்னாடி வரைஞ்சது, கிரீன்லாந்து மாதிரி இடத்துல சார்ட்ல இருக்கிற கரையும் ஜிபிஎஸ் காட்டுற இடமும் நூத்துக்கணக்கான மீட்டர் தள்ளி இருக்கலாம். ஜிபிஎஸ் சரியாத்தான் சொல்லுது, சார்ட்தான் தள்ளி இருக்கு. அதனால ரேடார்ல கரையைப் பிடிச்சு தூரமும் திசையும் எடுத்து ஒத்துப் பார்க்கிற பழைய வித்தை அங்க கண்டிப்பா வேணும். காந்தக் காம்பஸ் காந்தத் துருவத்துக்கிட்ட போகப் போக உதவாது, காந்தம் இல்லாம சுழல்ற சக்கரத்தை வச்சு வடக்கைக் காட்டுற கைரோ காம்பஸும் ரொம்ப உயரமான அட்சரேகையில தடுமாறும், ஆனா அண்டார்டிகத் தீபகற்பம் வரைக்கும் போற கப்பலுக்குக் கைரோ நல்லாவே வேலை செய்யும், அதுக்குக் கவலைப்பட வேண்டாம்.

சரி, ஐஸ். 2007 நவம்பர் 23 அன்னிக்கு எக்ஸ்ப்ளோரர் கப்பல் கிங் ஜார்ஜ் தீவு பக்கம் ஐஸ்ல மோதி மூழ்கிடுச்சு, 154 பேர், எல்லாரும் பொழைச்சாங்க. விடியறதுக்கு முன்னாடி லைஃப் போட்ல இறங்கி மணிக்கணக்கா மிதந்தாங்க, அன்னிக்கு வானிலை நல்லா இருந்தது, நோர்ட்நோர்கேன்னு இன்னொரு குரூஸ் கப்பல் வந்து ஏத்திக்கிட்டது. கேப்டனுக்கு ஐஸ் அனுபவம் இருந்தது, ஆனா அது பால்டிக் கடல்ல. அங்க ஒரு குளிர்காலத்துல உறையுற ஐஸ் மெலிசு, உப்புத்தண்ணி ஐஸ், உடையும். அண்டார்டிகால பனியாறுலேர்ந்து உடைஞ்சு விழுந்தது பல ஆயிரம் வருஷம் இறுகின நல்ல தண்ணி ஐஸ், பாறை மாதிரியேதான். ரெண்டும் கண்ணுக்கு வெள்ளையாத்தான் தெரியும். கப்பலை அழிக்கிறது பெரிய ஐஸ்மலை கூட கிடையாது, அது ரேடார்ல பல மைல் தூரத்துலயே தெரிஞ்சுடும். பயப்பட வேண்டியது குரோலர்னு சொல்ற துண்டுக்கு, தண்ணிக்கு மேல ஒரு மீட்டர்கூட தெரியாது, உள்ள ஒரு லாரி அளவு கனம் இருக்கும், கொஞ்சம் அலை இருந்தாப் போதும் ரேடார் ஸ்கிரீன்ல அலையோட புள்ளிகளுக்கு நடுவுல தொலைஞ்சிடும். அதுக்கு நல்ல கண்ணு, சர்ச் லைட், மெதுவான வேகம், இதைத் தவிர வேற மருந்து இன்னும் வரல. ராடார் சாட்டிலைட் படத்துலேர்ந்து நார்வே, டென்மார்க், கனடா, அமெரிக்கா எல்லாம் ஐஸ் சார்ட் விடுறாங்க, முன்னாடி அதை டவுன்லோட் பண்றதே பெரும்பாடு, பூமத்திய ரேகைக்கு மேல நிக்கிற சாட்டிலைட் துருவத்துக்குக் கிட்டக்க எட்டாது. இரிடியம்ங்கிற சாட்டிலைட் கூட்டம் துருவத்தையும் சேர்த்து சுத்துது, 2020லேர்ந்து ஆபத்துத் தொடர்புக்கும் அது முறைப்படி பயன்படுது. இது பெரிய முன்னேற்றம்.

சட்டம்னு பார்த்தா துருவக் கடல்ல போற கப்பலுக்கான சர்வதேச விதி, போலார் கோட், 2017 ஜனவரி 1லேர்ந்து அமல்ல இருக்கு. கப்பலை ஏ, பி, சின்னு ஐஸ் தாங்குற சக்தி வச்சுப் பிரிக்கும், போலார் சர்டிபிகேட் வேணும், ஒவ்வொரு கப்பலும் எந்த ஐஸ் வரைக்கும் போகலாம்னு எழுதின மேனுவல் வச்சிருக்கணும், ஆபீசர்களுக்குத் தனி டிரெயினிங் வேணும், கப்பலைக் கைவிட்டா உதவி வர்ற வரைக்கும், கொறைஞ்சது அஞ்சு நாளாவது, ஆளுங்க உயிரோட இருக்க வழி இருக்கணும். 2026 ஜனவரிலேர்ந்து இதோட நேவிகேஷன் பகுதி பெரிய மீன்பிடிக் கப்பல், 300 டன்னுக்கு மேற்பட்ட உல்லாசப் படகு இதுக்கெல்லாமும் வருது. நல்ல சட்டம், ஆனா அந்த அஞ்சு நாள் விஷயத்துல காகிதத்துக்கும் கடலுக்கும் தூரம் இருக்கு. 2016ல ஸ்வால்பார்ட் பக்கம் நார்வேக்காரங்க ஆளுங்களை நிஜமாவே லைஃப் போட்லயும் காத்தடிச்ச மிதவையான ராஃப்ட்லயும் உட்கார வச்சுச் சோதிச்சாங்க, வழக்கமான சாமானோட ஒரு நாளைக் கடக்கிறதே பெரும்பாடா இருந்தது. அதுவும் ஆரோக்கியமான ஆளுங்க, அமைதியான தண்ணி. எழுபது வயசு பயணிக்கு என்ன ஆகும்னு நினைச்சாலே கவலையா இருக்கு. காப்பு உடை, ராஃப்டோட தரை காப்பு, லைஃப் போட்ல காத்தோட்டம், இதுல எல்லாம் கம்பெனிங்க சட்டத்துக்கு மேலயே செலவு பண்ணணும்.

அடுத்து உதவி எவ்வளவு தூரம்ங்கிறது. 2023 செப்டம்பர் 11 அன்னிக்கு ஓஷன் எக்ஸ்ப்ளோரர் வடகிழக்கு கிரீன்லாந்துல ஆல்பேஃபியோர்டுல தரைதட்டிச்சு, 206 பேர். டென்மார்க் கடற்படைக் கப்பல் 2,000 கிலோமீட்டருக்கும் மேல தூரத்துல இருந்தது. ஓதம் ஏறுறப்ப தானே விடுவிச்சுக்கப் பார்த்தாங்க, முடியல, மூணு நாள் கழிச்சு ஒரு மீன்வள ஆராய்ச்சிக் கப்பல் வந்து இழுத்துத்தான் வெளியில வந்தது. ஓட்டை இல்ல, புயல் இல்ல, அதனால பொழைச்சாங்க. 2019 மார்ச்ல நார்வே கரைக்குப் பக்கத்துலயே வைக்கிங் ஸ்கை கப்பல் புயல்ல எஞ்சின் நின்னு தவிச்சப்ப 479 பேரை ஹெலிகாப்டர்ல தூக்கினாங்க, ஏன்னா கரையிலயே ஹெலிகாப்டர் இருந்தது. இதே அண்டார்டிகாவா இருந்தா அத்தனை ஹெலிகாப்டருக்கு எங்க போறது? அதனால அங்க உண்மையான மீட்புக் கப்பல்னா பக்கத்துல இருக்கிற இன்னொரு சுற்றுலாக் கப்பல்தான். 2016ல கிறிஸ்டல் செரினிட்டி ஆயிரம் பயணிகளோட கனடாவோட வடமேற்குக் கடல்வழியா போனப்ப எர்னஸ்ட் ஷாக்கில்டன்னு ஒரு ஐஸ் கப்பலைத் துணைக்குக் கூட்டிட்டுப் போச்சு. செலவு ஜாஸ்தி, ஆனா அந்த அளவு பெரிய கப்பல் அந்த மாதிரி இடத்துக்குத் தனியாப் போகவே கூடாதுன்னுதான் நான் சொல்லுவேன். அண்டார்டிகத் தீபகற்பத்துல நிலைமை பரவாயில்ல, டூர் நடத்துறவங்க சங்கம் 1991லேர்ந்து இருக்கு, யார் எந்த நாள் எங்க இருப்பாங்கன்னு அட்டவணை பகிர்ந்துக்கிறாங்க, ஒரு இடத்துல ஒரு சமயம் ஒரு கப்பல்தான், நூறு பேருக்கு மேல கரையில இறக்கக் கூடாது, 500 பேருக்கு மேல பயணிகள் இருக்கிற கப்பல் இறக்கவே கூடாது. கோடையில அர்ஜென்டினா, சிலி கடற்படைங்களும் சேர்ந்து ரோந்து வச்சிருக்காங்க.

இத்தனை கருவி, சட்டம் எல்லாத்துக்கும் மேல எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு உண்டு. இந்த டூர்ல விக்கிறதே யாரும் போகாத இடம்ங்கிற ஆசைதான். பிரசுரத்துல அப்படித்தான் போடுவாங்க. யாரும் போகாத இடம்னா யாரும் அளக்காத இடம்னும்தானே அர்த்தம். டூரை நடத்துற எக்ஸ்பெடிஷன் லீடர் ஒரு பக்கம், பணம் கட்டின பயணிங்க ஒரு பக்கம், போன கப்பல் காட்டாத பனியாறைக் காட்டணும்னு ஒரு பக்கம், நடுவுல கேப்டன். அவர் வேணாம்னு சொன்னா கரையில இருக்கிற ஆபீஸ்ல ஒருத்தர்கூட ஏன்னு கேட்கக் கூடாது, அது கம்பெனி எழுத்துல கொடுத்திருக்கணும். ஸ்டார் இல்லாத தண்ணிக்குள்ள போகணும்னா முதல்ல ஜோடியாக் ரப்பர் போட்ல சின்ன எக்கோ சவுண்டர் வச்சு முன்னாடி அளந்துட்டு அந்தத் தடத்துலயே கப்பல் வரணும், நல்ல கேப்டன் பல பேர் இப்பவே இதைச் செய்யறாங்க.

தம்பி, இப்ப உங்க அப்பா அம்மாவுக்கு வர்றேன். கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்க, கப்பலோட ஐஸ் கிளாஸ் (ஐஸ் தாங்குற தரம்) என்ன, போலார் சர்டிபிகேட்ல எந்தக் கேட்டகரி, முன்னாடி பார்க்கிற சோனார் இருக்கா, கேப்டன் அண்டார்டிகால எத்தனை சீசன் ஓட்டினவர், டூர் நடத்துறவங்க சங்கத்துல மெம்பரான்னு கேளுங்க. நல்ல கம்பெனி இதுக்கு ஒரே நாள்ல சந்தோஷமாப் பதில் போடும், மழுப்பினா யோசிங்க. இன்சூரன்ஸ்ல மருத்துவ வெளியேற்றம் தனியாக் கவர் ஆகுதான்னு பாலிசியைப் படிச்சுப் பாருங்க, அங்கேர்ந்து ஒரு நோயாளியைப் பிளைட்ல எடுக்கிற செலவு நம்ம கையில அடங்காது. பிரஷர், சுகர் மாத்திரை ரெண்டு செட்டாப் பிரிச்சு ஒண்ணை சின்னப் பையில போட்டு இடுப்புல கட்டிக்கச் சொல்லுங்க, லைஃப் போட் டிரில்லுக்குக் கூப்பிட்டா அப்பா தூங்கிட்டேன்னு இருந்துடக் கூடாது, ரெண்டு பேரும் கோட்டு, ஷூ எல்லாம் போட்டுக்கிட்டு போய் நிக்கணும், ராத்திரி கேபின்லேர்ந்து அந்த இடத்துக்கு விளக்கு இல்லாம எப்படிப் போறதுன்னு ஒரு தடவை நடந்து பார்த்துக்கணும். ஐப்பசி கார்த்திகை அடைமழை சமயத்துல டெல்டால ரோடு தண்ணியில நிக்கும், கும்பகோணத்துலேர்ந்து திருச்சி ஏர்போர்ட்டுக்கு ஒரு நாள் முன்னாடியே கிளம்பச் சொல்லுங்க, உஷுவாயாவுக்கும் ரெண்டு நாள் முன்னாடி போய்ச் சேரணும், கப்பல் யாருக்கும் காத்திருக்காது. கப்பல் பேரை எனக்கு அனுப்புங்க, அதோட ஐஸ் கிளாஸையும் அது எந்த வருஷம் கட்டினதுன்னும் பார்த்துச் சொல்றேன்.